கடாரம் எந்தப் பக்கத்தில்? ஒரு வீட்டுக்கல்விக் குடும்பம் உலக வரலாற்று நூல் தேடிய கதை

நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த புத்தகத்தின் மேல் சின்னவள் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் இருந்த சதுரங்கப் பலகை அவள் கைக்கு எட்டவில்லை. மூன்று விரற்கடை உயரம் குறைந்தது. புத்தகத்தின் தடிமன் சரியாக அவ்வளவு. "சரஸ்வதி மேல ஏறி நிக்கிறியே, இறங்குடி" என்று அம்மா பதறினார். எனக்குக் கோபம் வரவில்லை. வாங்கிய இரண்டு மாதத்தில் அந்தப் புத்தகத்தால் அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் பயன் அதுதான்.

முப்பது வருடம் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்கு ஒரு உலக வரலாற்றுப் புத்தகம் தேர்ந்தெடுப்பதில் எங்கே சறுக்கினேன், அப்புறம் எப்படி வேறொரு புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம் என்பதைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் பெரியவன், சின்னவள், அம்மா.

வீடும் பிள்ளைகளும்

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு. அப்பாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. அம்மா முன்பு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர். இப்போது முழுநேரமும் பிள்ளைகளோடு. பெரியவனுக்கு வயது 12, சின்னவளுக்கு 10. வீட்டில் பேசுவது தமிழ். பெரியவன் ஆங்கிலத்தைக் கடகடவென்று வாசிப்பான். சின்னவளுக்குத் தமிழும் மலாயும் நன்றாக வரும். ஆங்கிலத்தில் தடவித் தடவித்தான் போவாள். இந்த வேறுபாட்டை நான் முதலில் கணக்கிலேயே எடுக்கவில்லை.

வீட்டுக்கல்வி என்றதும் எல்லாரும் கேட்பது, "சட்டத்துல இடம் இருக்கா?" 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தின்படி தொடக்கக் கல்வி கட்டாயம். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் படிக்க வைப்பவர்கள் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்டு எழுத வேண்டும். இவர்கள் எழுதி, கடிதம் வாங்கி, கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பிள்ளைகளை ஐஜிசிஎஸ்இ என்ற அனைத்துலகப் பள்ளித் தேர்வைத் தனியாக எழுத வைக்கலாம் என்பது அம்மாவின் எண்ணம். எஸ்பிஎம் என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வின் கதவையும் சாத்திவிடக் கூடாது என்பது அப்பாவின் எண்ணம். எஸ்பிஎம்மில் 2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அதனால் படிவம் 1, அதாவது இடைநிலைப் பள்ளி முதலாண்டு வரலாற்றுப் பாடநூல் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அதில் மெசொப்பொத்தாமியா, எகிப்து, சிந்துவெளி, ஹுவாங் ஹோ, பிறகு கிரேக்கம், ரோம், இந்தியா, சீனா, இஸ்லாமிய நாகரிகம் என்று வரிசையாக வரும். குறை சொல்ல முடியாத புத்தகம். ஆனால் ஒவ்வொரு நாகரிகமும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் பெரியவன் கேட்டான்: "ரோம்ல அகஸ்டஸ் இருந்தப்போ சீனாவுல யாரு டீச்சர்?" ஹான் வம்சம் என்று நான் வாயால் சொல்லிவிட்டேன். பாடநூலில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. அன்றைக்குத்தான் அம்மா, "வீட்டுல ஒரு பெரிய உலக வரலாற்றுப் புத்தகம் இருந்தா நல்லது. நீங்களே பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

முதல் தேர்வு

பேரங்காடியில் உள்ள புத்தகக் கடைக்குப் போனேன். பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் அருங்காட்சியகப் பொருள்களின் வண்ணப்படம். வகுப்பில் தூக்கிக் காட்டினால் நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளப்பார்கள். விலை 150 ரிங்கிட்டுக்கு மேல். பரவாயில்லை, வாழ்க்கை முறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரிக்கழிவில் புத்தகமும் வரும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை வேறு சொன்னேன்.

அந்த வீட்டில் வகுப்பும் இல்லை, தூக்கிக் காட்ட ஆளும் இல்லை. ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து புரட்ட வேண்டும். புரட்டினால், எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்த ஒவ்வொரு விரிப்பிலும் பதினைந்து இருபது குட்டிக் கட்டங்கள். எங்கே தொடங்குவது, எதற்குப் பிறகு எது என்று தெரியாது. படத்தின் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி. பெரியவன் வாள், கேடயம், கவசம் இருக்கும் பக்கங்களை எல்லாம் ஒரே மாலையில் பார்த்து முடித்தான்; அதோடு சரி. சின்னவளுக்கு விரல் சோதனை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும்; ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் அவளுக்கு இன்னும் ஆகாது. அரைப் பக்கத்தில் கை மூடிவிட்டது.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது வேறொன்றால்.

சயாம்

பெரியவனின் அப்பா வழிக் கொள்ளுத் தாத்தா சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போனவர். தோட்டத்துத் தமிழர் வீடுகளில் "சயாமுக்குப் போனார்" என்றால் வேறு விளக்கம் தேவைப்படாது, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதை வேலை. சீனப் புத்தாண்டு விடுமுறையில் உறவினர் யாரோ அந்தப் பேச்சை எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியவன் முதல் தடவையாகத் தானே போய் அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்தான். பின்பக்கச் சொல்லடைவில் தேடினான், பக்கத்தைப் பிடித்தான். ஜப்பானியர் பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள், நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள் என்று இருந்தது. ஒரு பாலத்தின் படம். அவ்வளவுதான்.

"தாத்தா சோல்ஜரா டீச்சர்?" என்று என்னைக் கேட்டான்.

இல்லை. 1942, 43இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. சயாமின் பான் போங்கில் தொடங்கி பர்மாவின் தான்பியூசாயாட்டில் முடியும். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குப் படைப்பிரிவு இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது, பிறகு கல்லறையும் கிடைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் ஆகியோரின் கணக்கை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. செத்தவர்களில் பெரும்பங்கை விட்டுவிட்டு எழுதிய வரியைத்தான் அவன் வாசித்திருந்தான். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை வாசித்த பையன், தன் கொள்ளுத் தாத்தாவைச் சிப்பாயாக நினைத்துக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தில் புத்தகம் விட்டதை ஆசிரியர் வாயால் நிரப்பிவிடுவார். வீட்டுக்கல்வியில் அது எல்லா நாளும் நடக்காது. அம்மாவுக்குக் கணக்குத் தெரியும், வரலாறு அவ்வளவாகத் தெரியாது. நான் வாரத்தில் ஒரு நாள்தான் போகிறேன். மீதி ஆறு நாளும் அந்தப் புத்தகம்தான் டீச்சர்.

கேள்வியோடு கடைக்குப் போனது

இந்தத் தடவை படத்தைப் பார்த்து மயங்குவதில்லை என்று முடிவு செய்தோம். ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முன்பக்கத்தைத் திறப்பதில்லை. நேரே கடைசிப் பக்கத்துச் சொல்லடைவுக்குப் போய், பிள்ளைகளே தேட வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் கேள்வி, கடாரமும் ஸ்ரீவிஜயமும். கடாரம் இன்றைய கெடா; ஸ்ரீவிஜயம் சுமத்ராவை மையமாகக் கொண்ட பழைய கடல் வணிக அரசு. இது நம் வீட்டு வாசல் சமாச்சாரம். பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் கெடாவின் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம்; அதை ஒட்டியே மேட்டில் பழைய கோயிலின் அடித்தளம். 671இல் சீனத்துறவி யிஜிங் ஸ்ரீவிஜயத்தில் இறங்கி, கெடா வழியாகத்தான் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததைத் தஞ்சைக் கல்வெட்டு ஊர் ஊராகப் பட்டியல் போட்டுச் சொல்கிறது, கடாரம் உட்பட. ஒரு உலக வரலாற்று நூலில் இதற்கு ஒரு பத்தியாவது வேண்டாமா? இதில் பிள்ளைகள் கற்றுக்கொண்ட ஒரு தந்திரமும் உண்டு: ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல். ஸ்ரீவிஜயத்தைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவார்கள். கடாரம் என்றால் கிடைக்காது, கெடா என்றால் கிடைக்கலாம். நல்ல சொல்லடைவு "இதைப் பார்க்க" என்று அங்கிருந்து இங்கே கைகாட்டிவிடும். அந்தக் கைகாட்டி இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொன்னேன்.

இரண்டாவது, அச்சு. குட்டன்பர்க்கிலிருந்து தொடங்குகிற புத்தகமா? தேதியோடு கிடைத்திருக்கும் வைர சூத்திரம் என்ற பௌத்த நூலின் சீனப் பிரதி 868இல் அச்சானது. கொரியாவில் 1377இல் உலோக எழுத்துகளால் ஒரு நூல் அச்சானது. குட்டன்பர்க்கின் பைபிள் 1455 வாக்கில். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த ஆசிரியர் உலகத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது, மாலி. 1324இல் மக்கா யாத்திரை போன மேற்கு ஆப்பிரிக்க மாலிப் பேரரசர் மன்சா மூசா வழியில் கெய்ரோவில் அள்ளிக் கொடுத்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலையே இறங்கிப்போனது. ஆப்பிரிக்காவை எகிப்தோடு முடித்துவிட்டு, அப்புறம் அடிமை வணிகத்தில்தான் மறுபடி திறக்கும் புத்தகங்கள் நிறைய உண்டு. இந்தக் கேள்வி அவற்றைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

நான்காவது, 8 டிசம்பர் 1941. நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதல் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் பிறகுதான். ஆனால் தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹவாயில் அப்போது 7ஆம் தேதி. அட்டவணையில் வெறும் தேதியைப் போட்டால் பேர்ல் ஹார்பர் முந்தி, மலாயா பிந்தி என்று தலைகீழாகத் தெரியும். இதைக் கேட்டதும் பெரியவன் உலக உருண்டையை எடுத்து வந்து அரைமணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது கேள்வியைச் சொல்ல வேண்டியதில்லை. சயாம்.

சவ்ராஸ்தா மாடியில்

பினாங்கின் சவ்ராஸ்தா பசாரில் கீழே ஊறுகாயும் மீனும். மாடியில் பழைய புத்தகம். அடுக்குகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே இன்னொரு விளையாட்டும் கிடைத்தது: உலகப்படத்தை வைத்து நூலின் வயதைக் கண்டுபிடிப்பது. சோவியத் ஒன்றியம் இருந்தால் 1991க்கு முந்தையது. செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்தால் 1993க்கு முந்தையது. தென்சூடான் இருந்தால் 2011க்குப் பிறகு. சின்னவள் இதில் அண்ணனைத் தோற்கடித்தாள். வாசிக்க ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத விளையாட்டு.

அன்றைக்கு ஒரு பழைய புத்தகத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது. 12 ரிங்கிட். சொல்லடைவு தங்கம், முக்கியமான பக்க எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் படத்தில் ஜெர்மனி இரண்டு. அம்மா தலையை ஆட்டினார். "நான் கணக்குப் பார்க்கிறவ டீச்சர். பழைய பேலன்ஸை வெச்சுப் புதுக் கணக்கு எழுத முடியாது." அவர் சொன்னது சரி. எனக்காக மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தோழி ஒருத்தி கதை போல எழுதப்பட்ட வரலாற்று நூல்களைக் கொடுத்தனுப்பினார். உரக்க வாசிக்க அருமையானவை; சின்னவள் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒன்றைத் தேடி எடுக்க அவை உதவாது. கதை நூலும் பார்வை நூலும் இரண்டு வேறு சாமான். குழம்புக் கரண்டியால் சோறு வடிக்க முடியாது. நான் முதலில் வாங்கியதோ இரண்டிலும் சேராமல் நடுவில் தொங்கியது.

அம்மாவின் தகப்பனாரிடமிருந்து ஒரு பழம் பொக்கிஷமும் வந்தது. நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக சரித்திரக் கடிதங்களின் தமிழ் மொழிபெயர்ப்பு. இந்திராவுக்கு 13 வயது நிறையும் சமயத்தில் 1930இல் தொடங்கி 1933 வரை எழுதிய 196 கடிதங்கள். முதல் கேள்வியை இதில் சோதித்தபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஸ்ரீவிஜயத்தையும் அங்கோரையும் பற்றி நேரு தனிக்கடிதமே எழுதியிருக்கிறார். கையில் நூலகம் இல்லாமல், சிறையில் உட்கார்ந்து, குறிப்பேடுகளை வைத்து எழுதியவருக்கு நம் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. என் 150 ரிங்கிட் புத்தகத்துக்குப் படவில்லை. ஆனாலும் அதைப் பார்வை நூலாக வைத்துக்கொள்ள முடியாது. 1933இல் நின்றுவிடுகிறது, அதற்குப் பிந்திய அகழ்வாய்வு எதுவும் அதில் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு வாசிப்புக்கு என்று ஒதுக்கிவிட்டோம். சின்னவளுக்குத் தானே தேடிப் பார்க்கத் தமிழில் ஏதாவது வேண்டுமே என்றபோது பெரியசாமித் தூரனின் குழந்தைகள் கலைக்களஞ்சியம் நினைவுக்கு வந்தது. பத்துத் தொகுதிகள், 1968இலிருந்து 1976க்குள் வந்தவை. நாடுகளின் பெயரும் எல்லையும் பழசு. எகிப்தியப் பிரமிடுக்கு என்ன பழசு? அதற்கு அது போதும்.

வாங்கியது

கடைசியில் வாங்கியது நடுத்தர அளவில் ஒரு வரலாற்றுக் கலைக்களஞ்சியம், ஒருவர் கைமாறிய பிரதி. கால வரிசையில் போகும். ஒவ்வொரு காலப்பகுதியின் தொடக்கத்திலும் ஒரு அட்டவணை: இடப்பக்கம் ஆண்டு, மேலே கண்டங்கள். ரோமுக்கு நேரே விரலை வைத்து நகர்த்தினால் ஹான் வந்துவிடும். பெரியவனின் முதல் கேள்விக்கு அதுவே பதில். படம் குறைவு, எழுத்து பெரிது. சின்னவளுக்கு ஒரு பக்கத்தில் மூன்று விரல் மடங்கியது. அண்ணன் பக்கத்தில் இருந்தால் சமாளிப்பாள்.

ஐந்து கேள்விக்கும் அது தேறவில்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். மாலிக்கு முழு விரிப்பு இருந்தது. அச்சு சரியான வரிசையில் இருந்தது. சோழர் கடற்படைக்கு இரண்டு வரி, கடாரம் பெயரே இல்லை. 1941 அட்டவணையில் பேர்ல் ஹார்பர்தான் முதலில். சயாம் ரயிலுக்கு இரண்டே வாக்கியம். ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த வாக்கியத்துக்காகத்தான் வாங்கினோம் என்று சொன்னால் மிகையில்லை.

விட்டுப்போனதை எழுதிச் சேர்க்க ஒரு வழி செய்தோம். பாதித் தாளில் பிள்ளைகளே குறிப்பு எழுதி, அந்தந்தப் பக்கத்தில் செருகி வைப்பது. கீழே எங்கிருந்து எடுத்தோம் என்று எழுத வேண்டும். கடாரத்துக்கு மெர்போக் போய்வந்து சின்னவள் தமிழில் எழுதினாள். 1006 வாக்கில் இதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் விகாரை கட்ட ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததை நான் சொன்னதும் அவளுக்குக் குழப்பம். "ஃப்ரெண்டா இருந்தவங்க இருபது வருஷத்துல ஏன் டீச்சர் சண்டை போட்டாங்க?" சீன வணிகத்துக்கான கடல்வழி யார் கையில் என்ற போட்டி என்பது ஒரு விளக்கம், வரலாற்றாசிரியர்கள் வேறு காரணமும் சொல்கிறார்கள். அவள் குறிப்பில் "ஏன்?" என்று எழுதி இரண்டு வரி காலியாக விட்டாள்.

தேதிகளுக்குக் கூடத்தில் இருபது அடிக் கயிறு கட்டினோம். ஒரு முனை கி.மு. 3000, மறுமுனை கி.பி. 2000, அடிக்கு 250 வருடம். துணி கவ்விதான் நிகழ்ச்சி. கி.மு. 500 பெரிதா 1000 பெரிதா என்ற தடுமாற்றம் ஒரே நாளில் போயிற்று. 1511இல் மலாக்கா விழுந்தது கடைசி முனையிலிருந்து இரண்டடிக்குள். மெர்டேக்கா, அதாவது 1957 சுதந்திரம், கடைசி முனையிலிருந்து சுமார் இரண்டு அங்குலத்தில். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து இருட்டில் வந்து அதில் இடறி, ரோமப் பேரரசை அறுத்துவிட்டார். மறுபடி கட்ட ஒரு மாலை ஆனது.

நான் செய்த இன்னொரு தவறு

கடாரம், சோழர் என்று நான் வாரா வாரம் பொங்கியதில் பெரியவனுக்கு வேறொரு கிறுக்குப் பிடித்தது. எதைத் திறந்தாலும் "இதுல தமிழர் இருக்காங்களா?" இல்லையென்றால் அந்தப் பக்கமே வேண்டாம். அச்சுப் பக்கத்தில் "தமிழர்தான் முதலில்" என்று ஒரு குறிப்பைச் செருகிவிட்டான். இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ் என்று நான் என்றோ சொன்னது அப்படி உருமாறியிருந்தது. 1578இல் கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் தமிழில் 16 பக்க நூலை அச்சிட்டார் என்பதுதான் விவரம். அது வைர சூத்திரத்துக்கு எழுநூறு வருடம் பிந்தியது. குறிப்பைக் கிழிக்க வேண்டாம், திருத்தி எழுது என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுதினான். என் ஐந்து கேள்விகளில் மூன்று நம் பக்கத்தைச் சுற்றியே இருந்ததும் அப்போதுதான் உறைத்தது. இப்போது இன்னொரு குடும்பம் கேட்டால் இன்கா சாலைகளையும் பாக்தாத் அறிஞர்களையும் சேர்த்து, நம்முடையதை ஒன்றாகக் குறைத்துக்கொள்வேன். அந்த ஒன்று, வீட்டுக்கு வீடு மாறலாம்.

ஓராண்டுக்குப் பின்

புத்தகத்தின் முதுகு லேசாகப் பிய்ந்திருக்கிறது. ஐம்பதுக்கு மேல் செருகுதாள்கள். நூல் வயிறு புடைத்து நிற்கிறது. பெரியவனுக்கு இனி ஐஜிசிஎஸ்இ வரலாற்றுக்கு வேறு வகைப் புத்தகம் தேவைப்படும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாங்கிய பெரிய புத்தகத்தைக் கொடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டார். சின்னவள் விடவில்லை. இப்போது படத்தைப் பார்க்க அவளே எடுக்கிறாள், இந்தப் புத்தகத்தில் வாசித்ததற்கு அதில் படம் தேடுகிறாள்.

சயாம் பக்கத்துக் குறிப்புக்குத்தான் நாள் பிடித்தது. பெரியவன் சுங்கை பட்டாணியில் இருக்கும் தன் அப்பாவின் பெரியத்தைக்கு போன் போட்டான். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், போரெல்லாம் முடிந்த பிறகு நடக்க மாட்டாமல் திரும்பி வந்தார், வாழ்நாள் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை. அவன் அதை அப்படியே எழுதினான். எத்தனை பேர் போனார்கள் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, அடியில் எழுதியிருந்தான்: "சொன்னவர் பெரியத்தை, போனில். தோட்டத்தின் பெயர் மறந்துவிட்டதாம், மறுபடி கேட்க வேண்டும்."